மீனாட்சி அம்மன் கோயிலை எப்படிச் சுற்றிப் பார்ப்பது?

சென்னையிலிருந்து அம்மா, அப்பா, பத்தாவது படிக்கும் மகள் ஆகியோருடன் இரண்டு நாள் மதுரைக்கு வருகிறீர்கள். மீனாட்சி அம்மனைக் கும்பிட்டுவிட்டு அவசரமாகத் திரும்பாமல் கோபுரம், மண்டபம், சிற்பம் எல்லாவற்றையும் புரிந்து பார்க்க வேண்டும், எங்கே ஆரம்பிப்பது, எதைத் தவற விடக்கூடாது, கோயில் உண்மையில் எவ்வளவு பழையது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மதுரைக்காரன். இந்தக் கோயிலைப் பற்றிப் படிப்பதும் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுவதும் எனக்கு மிகப் பிடித்த வேலை. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே இருக்கும் மண்டபங்களில் பெரும்பாலானவை அம்மனும் சுவாமியும் வருடத்தில் ஏதோ ஒரு நாள் வந்து எழுந்தருள்வதற்காகக் கட்டியவை. வசந்த விழாவுக்கு ஒன்று, ஊஞ்சலுக்கு ஒன்று, நவராத்திரிக் கொலுவுக்கு ஒன்று, பட்டாபிஷேகத்துக்கு ஒன்று. ஒரு மண்டபத்தில் போய் நின்றதும் ‘இதை யார் கட்டினார்’ என்பதோடு ‘இங்கே அம்மன் எப்போது வருவாள்’ என்றும் கேளுங்கள். அந்த இடம் ஏன் அவ்வளவு அகலம், தூண்கள் ஏன் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கின்றன, நடுவில் ஏன் மேடை என்பதெல்லாம் அப்போது தானாக விளங்கும். விழாவைத் தள்ளிவைத்துவிட்டுக் கட்டடத்தை மட்டும் பார்த்தால் இந்தக் கோயிலில் பாதிதான் கண்ணில் படும்.

சரி, வயது. ‘இரண்டாயிரம் வருஷத்துக் கோயில்’ என்று உங்களிடம் பலர் சொல்வார்கள். தலம் மிகப் பழையது, சந்தேகமே இல்லை. 7ஆம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் இங்கே வந்து பாடியிருக்கிறார். திருஆலவாய், அதாவது இந்த மதுரைத் தலத்து இறைவன் அங்கயற்கண்ணியோடு அமர்ந்திருப்பதாகவே அவர் பாடுகிறார். ஆனால் அந்தக் காலத்துக் கட்டடம் எதையும் நீங்கள் இன்று பார்க்கப் போவதில்லை. அம்மனுக்கென்று தனிச் சன்னதி எழுப்பும் வழக்கமே தமிழ்நாட்டில் சோழர் காலத்தின் பிற்பகுதியில்தான் பரவலானது. கல்வெட்டுகள் அதைத் திருக்காமக்கோட்டம் என்று குறிக்கின்றன. 1311இல் மாலிக் கபூர் படையெடுத்து வந்தான். அப்புறம் சில ஆண்டுகளில் மதுரை சுல்தான்கள் கைக்குப் போனது. கருவறையைச் சுவர் எழுப்பி மறைத்து, முன்னால் வேறொரு லிங்கத்தை வைத்து மூலவரைக் காப்பாற்றினார்கள் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. 14ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் விஜயநகர இளவரசர் குமார கம்பணர் மதுரையை மீட்டபின் வழிபாடு மறுபடி தொடங்கியது. இன்று நாம் பார்க்கும் பெரிய கோயில், அதாவது நீண்ட பிரகாரங்கள், சிற்பத் தூண்கள், வானளாவிய கோபுரங்களில் பெரும்பகுதி, 1529 முதல் ஆண்ட விசுவநாத நாயக்கரில் தொடங்கி 1659இல் மறைந்த திருமலை நாயக்கர் வரையிலான காலத்தின் கொடை. இதனால் கோயிலின் பெருமை துளியும் குறையாது. ஒரு பேரழிவுக்குப் பிறகு ஒரு ஊரே சேர்ந்து தன் அம்மனுக்குத் திரும்பக் கட்டிக்கொடுத்த கோயில் இது என்பதுதான் எனக்கு இதில் பெரிய விஷயம்.

முதல் நாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில் கோயிலுக்கு வெளியே தொடங்குங்கள். மதியம் நடை சாத்தியிருப்பதால் உள்ளே போக அவசரப்பட வேண்டியதில்லை. நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். சித்திரை வீதியில் வாகனங்களை விடுவதில்லை, நிம்மதியாக நடக்கலாம். அந்த வீதியின் பெயரிலிருந்தே மகளுக்குப் பாடம் ஆரம்பமாகட்டும். மதில் சுவருக்கு உள்ளே சுற்றி ஓடுவது ஆடி வீதி. மதிலுக்கு வெளியே சித்திரை வீதி, அதற்கு வெளியே ஆவணி மூல வீதி, அதற்கும் வெளியே மாசி வீதி. எல்லாவற்றுக்கும் வெளியே வெளி வீதிகள். கோயிலை நடுவில் வைத்து ஊர் சதுரம் சதுரமாக விரிந்திருக்கிறது. ஒவ்வொரு சதுரமும் சாமி உலா வருவதற்கான வழி. பழைய கோட்டைச் சுவரும் அகழியும் இருந்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. 1840களில் கலெக்டராக இருந்த பிளாக்பர்ன் கோட்டையை இடித்து ஊரை விரிவாக்கினார். அவர் நினைவாக நட்டதுதான் கீழவாசல் பக்கம் இருக்கும் விளக்குத்தூண்.

இன்னொரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். மீனாட்சி கல்யாணமும் தேரும் முன்பு மாசி மாதத்தில் நடந்தன. அழகர்மலையிலிருந்து அழகர் வைகைக்கு வந்தது சித்திரையில், அதுவும் மதுரைக்கு இல்லை, தேனூருக்கு. இரண்டையும் ஒரே விழாவாகச் சேர்த்தவர் திருமலை நாயக்கர் என்று சொல்வார்கள். மாதம் மாறியது, தேரோடும் வீதி மாறவில்லை. சைவத் திருவிழாவையும் வைணவத் திருவிழாவையும் பட்டி தொட்டி மக்களையும் ஒரே நேரத்தில் ஒரே ஆற்றங்கரையில் கொண்டுவந்து சேர்த்த அந்த யோசனைதான் இன்றுவரை மதுரையை மதுரையாக வைத்திருக்கிறது.

கோபுரங்களுக்கு வருவோம். வெளி மதிலில் நாலு பக்கமும் ஒன்பது நிலைக் கோபுரங்கள். நாலும் ஒரே மாதிரி தெரியும், ஆனால் ஒரே காலத்தவை இல்லை. கிழக்குக் கோபுரம் 13ஆம் நூற்றாண்டில் மாறவர்மன் சுந்தர பாண்டியன் எடுத்தது, நாலில் மூத்தது. மேற்குக் கோபுரம் 14ஆம் நூற்றாண்டில் பராக்கிரம பாண்டியன் காலம். தெற்குக் கோபுரம் 1559 வாக்கில் சிராமலைச் செவ்வந்தி மூர்த்திச் செட்டியார் கட்டியது. நாலிலும் மிக உயரமானது அதுதான், சுமார் 160 அடி. கிழக்கையும் தெற்கையும் மட்டும் பொறுமையாக ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்குக் கோபுரத்தின் ஓரக்கோடு அடியிலிருந்து நுனிவரை நேராகச் சரிந்து ஏறும். தெற்குக் கோபுரத்தில் அதே கோடு லேசாக உள்வாங்கி வளைந்து ஏறும். அந்த வளைவால்தான் தெற்குக் கோபுரம் அவ்வளவு பெரிய உடம்போடும் ஒல்லியாகத் தெரிகிறது. இடைப்பட்ட மூன்று நூற்றாண்டில் நம் ஸ்தபதிகளின் கண் எங்கே போய்ச் சேர்ந்தது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி மதுரையில் கிடையாது. வடக்குக் கோபுரத்தைக் கிருஷ்ண வீரப்ப நாயக்கர் காலத்தில் தொடங்கி, மேல் நிலைகளைக் கட்டாமலே விட்டுவிட்டார்கள். மொட்டைக் கோபுரம் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் நாட்டுக்கோட்டை நகரத்தார் அதை முடித்தார்கள். இன்றும் அதில் மற்ற மூன்றை விடச் சுதைச் சிற்பங்கள் குறைவு. கீழே இருக்கும் முனீஸ்வரருக்கு மொட்டைக் கோபுரத்தான் என்ற பெயரே நிலைத்துவிட்டது.

கோபுரத்தின் அடித்தளமும் வாசல் நிலைகளும் கருங்கல். அதற்கு மேல் எல்லாம் செங்கலும் சுண்ணாம்பும். முழுக்கக் கல்லில் எடுத்தால் அவ்வளவு உயரத்துக்குப் பாரம் தாங்காது. பொம்மைகள் சுதை வேலை, அதாவது சுண்ணாம்புக் காரையில் கையால் வனைந்தவை. வெயிலிலும் மழையிலும் அவை தேயும், செடி முளைக்கும். ஆகையால் கும்பாபிஷேகம்தோறும் பழுது பார்த்து வர்ணம் தீட்டுகிறார்கள். 2009 ஏப்ரலில் அப்படி ஒரு பெரிய கும்பாபிஷேகம் நடந்தது. ‘இந்த நிறமெல்லாம் புதுசு, பழமை போய்விட்டது’ என்று சிலர் வருத்தப்படுவதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். சுதை என்பதே புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டிய பொருள். கல்லில்தான் நாம் கை வைக்கக்கூடாது. திருப்பணி நடக்கும் சமயமாக இருந்தால் கோபுரங்களைச் சாரம் கட்டி மூடியிருப்பார்கள். கிளம்பும் முன் மதுரையில் யாரிடமாவது விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிழக்குக் கோபுரத்துக்கு நேர் எதிரே புது மண்டபம். திருமலை நாயக்கர் கட்டியது, அம்மனும் சுவாமியும் வைகாசி வசந்த விழாவில் வந்து தங்குவதற்காக. வெயில் காலத்தில் சாமியைக் குளிர்ச்சியாக வைத்திருக்க மண்டபத்தைச் சுற்றி நீர் நிறுத்தும்படி அமைத்திருந்தார்கள். நீராழி மண்டபம் போல. 300 அடிக்கு மேல் நீளம். நடுவில் இரண்டு பக்கமும் விசுவநாத நாயக்கர் முதல் திருமலை வரை பத்து நாயக்க மன்னர்கள் கைகூப்பி நிற்கிறார்கள். திருமலை நாயக்கரை அவருடைய தொந்தியை வைத்தே அடையாளம் காணலாம். அரசர்களை ஆள் உயரத்துக்குத் தூணிலேயே வடித்து, சாமி வரும் வழியில் நிரந்தரமாகக் கும்பிட வைப்பது நாயக்கர் காலத்துக்கே உரிய முறை. திருமலையின் அரசியர் சிலை ஒன்றில் தொடையில் கல் பெயர்ந்திருக்கும். சிற்பி வருந்தியபோது, ‘அந்த இடத்தில் அரசிக்கு மச்சம் இருக்கிறது, அப்படியே விடு’ என்று அமைச்சர் நீலகண்ட தீட்சிதர் சொன்னதாகவும், இவருக்கு எப்படித் தெரியும் என்று அரசர் சினந்ததாகவும், தீட்சிதர் கற்பூர ஆரத்தியாலேயே தன் கண்களைப் பொசுக்கிக்கொண்டதாகவும், அப்புறம் அம்மன் அருளால் பார்வை திரும்பியதாகவும் ஒரு கதை ஊரில் உண்டு.

புது மண்டபத்தில் மகள் கட்டாயம் பார்க்க வேண்டியது தடாதகைப் பிராட்டி, அதாவது மீனாட்சி. மூன்று தனங்களோடு பிறந்த பாண்டிய இளவரசி. தகுந்த மணாளனைக் கண்டதும் ஒன்று மறையும் என்பது வாக்கு. திக்விஜயம் செய்து எல்லாத் திசைகளையும் வென்று கயிலையில் சிவனைக் கண்டபோது அது மறைந்தது என்பது தலபுராணம். அந்த நிலையிலேயே அவளைச் செதுக்கியிருக்கிறார்கள். படை நடத்திய பெண்ணாகவே ஒரு தெய்வத்தை நினைத்துக் கும்பிடும் ஊர் இது. கல்யானைக்குக் கரும்பு ஊட்டிய சித்தரும் அங்கேயே இருக்கிறார். தையற்காரர்களும் பாத்திரக் கடைகளும் புத்தகக் கடைகளும் தலைமுறை தலைமுறையாக இந்த மண்டபத்துக்குள் இருந்தார்கள். அவர்களைக் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றிய பிறகு சிற்பங்களை மறைப்பில்லாமல் பார்க்க முடிகிறது. அந்தக் கடைகளோடு வளர்ந்த எங்களுக்கு அதில் ஒரு வருத்தம் இருந்தாலும் சிற்பத்துக்கு அதுதான் நல்லது. உள்ளே போக அனுமதி இல்லாத நாளாக இருந்தால் வெளி வரிசைத் தூண்களையாவது சுற்றிவந்து பாருங்கள். யாளிகளும் குதிரை வீரர்களும் அங்கே நிற்கிறார்கள்.

இனி உள்ளே. கைபேசிக்கு அனுமதி இல்லை. 2018இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்ட நாளிலிருந்து இதில் கண்டிப்பு அதிகம். வாசலில் பாதுகாப்புப் பெட்டகம் இருக்கிறது, அங்கே கொடுத்துவிட்டு டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். படம் எடுக்க முடியவில்லையே என்று மகள் சலித்துக்கொண்டால் ஒரு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். ஒரு யாளியை வரைய உட்கார்ந்தாலே அதன் உடம்பில் எத்தனை மிருகம் கலந்திருக்கிறது என்று தெரிந்துவிடும்.

மதுரையில் அம்மனுக்குத்தான் முதல் கும்பிடு, அப்புறம்தான் சுவாமி. ஆகையால் பெரிய கிழக்குக் கோபுரத்தை விட்டுவிட்டு, அதற்குத் தெற்கே அம்மன் சன்னதிக்கு நேராக இருக்கும் அஷ்டசக்தி மண்டபம் வழியாக நுழையுங்கள். திருமலை நாயக்கரின் மனைவியர் உருத்திரபதி அம்மாளும் தோளியம்மையும் கட்டியது அது. எட்டு சக்திகள் தூண்களில் நிற்க, வாசலின் மேலே மீனாட்சி கல்யாணம் சுதையில் இருக்கிறது. இந்த வாசல் பக்கம் வரும்போது 1939 ஜூலை 8ஐயும் நினைத்துக்கொள்ளுங்கள். அதுவரை பட்டியல் சாதியினரும் நாடார்களும் இந்தக் கோயிலுக்குள் வர முடியாது. அன்று காந்தியவாதி அ. வைத்தியநாத ஐயர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போனார். அப்படி உள்ளே சென்றவர்களில் பின்னாளில் அமைச்சரான கக்கனும் ஒருவர். எல்லோருக்கும் திறக்காத கோயிலுக்குள் போக மாட்டேன் என்று இருந்த காந்தி 1946இல் இங்கே வந்து கும்பிட்டார். பழங்காலச் சிற்பத்தைச் சொல்கிறவர்கள் இந்த ஒரு நாளைச் சொல்லாமல் விட்டால் கோயிலின் கதை நிறைவாகாது என்பது என் எண்ணம்.

அடுத்து மீனாட்சி நாயக்கர் மண்டபம். இரண்டு பக்கமும் யாளித் தூண்கள் நீளமாகப் போகும். இங்கே நின்று தூண்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், மிச்சக் கோயில் எளிதாகிவிடும். தூணின் தலைக்கு மேலே உத்தரத்தைத் தாங்க இரு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும் உறுப்புக்குப் போதிகை என்று பெயர். அந்த நுனி வாழைப்பூ மாதிரி கீழ்நோக்கித் தொங்கும் மொட்டாக இருந்தால் அது விஜயநகர, நாயக்கர் காலத்து வேலை. பூப்போதிகை என்பார்கள். மொட்டு இல்லாமல் சாய்வாக வெட்டிவிட்ட மாதிரி இருந்தால் அது அதற்கு முந்திய பாணி. பெரிய தூணோடு ஒட்டியே சின்னத் தூண்களும் ஒரே கல்லில் எழும்பியிருந்தால் அது அணியொட்டிக்கால், அதுவும் நாயக்கர் காலத்தில் உச்சத்துக்குப் போன வேலை. இந்த இரண்டு அடையாளங்கள் போதும், ஒரு மண்டபம் எந்தக் காலத்தது என்று நீங்களே ஓரளவு சொல்லிவிடலாம். மண்டபத்தின் கடைசியில் பித்தளைத் திருவாசி விளக்கு ஒன்று நிற்கிறது, 1008 அகல்கள். சிவகங்கை மருது சகோதரர்கள் கொடுத்ததாகச் சொல்வார்கள்.

அதைத் தாண்டி இருட்டு மண்டபம், பிச்சாடனரும் மோகினியும் அங்கே. பிறகு பொற்றாமரைக் குளம். இங்கே அப்பா அம்மாவைப் படியில் உட்கார வையுங்கள், அவசரமே வேண்டாம். தெற்குப் பக்கம் போய் நின்றால் அம்மன், சுவாமி இருவருடைய தங்க விமானங்களும் தெரியும் இடம் ஒன்று உண்டு. யாரைக் கேட்டாலும் கை காட்டுவார்கள். சங்கப் பலகை மிதந்து புலவர்களைத் தேர்ந்தது இந்தக் குளத்தில்தான் என்பது மரபு. அதற்குப் பொருத்தமாகத் தெற்குச் சுவரில் 1330 குறளையும் சலவைக் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். குளத்தின் மேற்குப் பக்கம் ஊஞ்சல் மண்டபம். வெள்ளிக்கிழமை மாலை அம்மனும் சுவாமியும் இங்கே ஊஞ்சலில் ஆடுவார்கள், ஓதுவார்கள் பாடுவார்கள். முடிந்தால் உங்கள் முதல் நாள் வெள்ளிக்கிழமையாக இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மண்டபத்தின் விதானத்தில் நாயக்கர் கால ஓவியங்கள் இருக்கின்றன. மீனாட்சி கல்யாணக் காட்சியில் ராணி மங்கம்மாளும் பேரன் விஜயரங்க சொக்கநாதரும் நின்று பார்க்கிறார்கள். தலையை நிமிர்த்திப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு.

ஊஞ்சல் மண்டபத்தை ஒட்டி கிளிக்கூண்டு மண்டபம். பஞ்ச பாண்டவர், வாலி, சுக்ரீவன், புருஷாமிருகம் என்று தூணுக்குத் தூண் ஆள் உயரச் சிற்பங்கள். பீமனும் புருஷாமிருகமும் துரத்திக்கொள்ளும் கதையைத் தாத்தாவே பேத்திக்குச் சொல்லட்டும்.

அம்மன் சன்னதியில் கூட்டம் நகர்த்திக்கொண்டே போகும். முன்னால் ஆறுகால் பீடம் என்று ஓர் இடம். சித்திரைத் திருவிழாவின் எட்டாம் நாள் மீனாட்சிக்கு இங்கேதான் பட்டாபிஷேகம். ராயர் கிரீடம் சூட்டி, பாண்டியர்களின் வேப்பம்பூ மாலை சாத்தி, செங்கோல் கொடுப்பார்கள். அன்றிலிருந்து நாலு மாதம் மதுரையில் அவள் ஆட்சி. ஆவணியில் சுந்தரேசுவரர் முடி சூட்டிக்கொள்வார். கருவறையில் ஒரு கையில் மலர்ச் செண்டு, அதில் கிளி, நின்ற கோலம். விளக்கு வெளிச்சத்தில் மூக்குத்தியைத் தேடிப் பார்த்துக்கொள்ளுங்கள், அங்கே கட்டடக்கலை எதுவும் யோசிக்க வேண்டாம்.

வெளியே வந்து சுவாமி சன்னதிக்குத் திரும்பினால் முக்குறுணி விநாயகர். வண்டியூர்த் தெப்பக்குளம் தோண்டியபோது கிடைத்தவர். மூன்று குறுணி, அதாவது 18 படி அரிசியில் ஒரே கொழுக்கட்டை செய்து விநாயகர் சதுர்த்திக்குப் படைப்பார்கள். சுவாமி கருவறை மேலே இந்திர விமானம். எட்டு யானை, முப்பத்திரண்டு சிங்கம், அறுபத்து நாலு பூதகணங்கள் அதைத் தாங்குகின்றன. வெள்ளியம்பல நடராசரைப் பாருங்கள், வலது காலைத் தூக்கி ஆடுகிறார். மற்ற ஊர்களில் இடது கால். ராஜசேகர பாண்டியன் ஆடற்கலை கற்று, ஒரே காலில் நிற்பது எவ்வளவு வலி என்று உணர்ந்து, மாறி ஆடச் சொல்லிக் கேட்டான் என்பது கதை.

நேரம் குறைவென்றால் மற்ற எதையும் விடலாம், கம்பத்தடி மண்டபத்தை விடக்கூடாது. சுவாமி சன்னதிக்கு எதிரே கொடிமரமும் நந்தியும் இருக்கும் இடம். நாயக்கர் காலத்தில் எழுந்து, 19ஆம் நூற்றாண்டில் நகரத்தார் திருப்பணியில் புதுப்பித்தது. நந்தியைச் சுற்றிய தூண்களில் சிவனுடைய திருக்கோலங்கள் நாலு பக்கமும். லிங்கோத்பவர், திரிபுராந்தகர், ஏகபாதர், காலனை உதைத்தவர், கஜசம்ஹாரர், அர்த்தநாரி என்று ஒவ்வொன்றாகச் சுற்றி வாருங்கள். அதில் ஒரு தூணில் திருக்கல்யாணம். திருமால் தாரை வார்க்கிறார், சிவன் கையைப் பிடிக்கிறார், நடுவில் மீனாட்சி. எல்லாத் திசைகளையும் வென்று வந்தவள், இந்த ஒரு நொடியில் தலையைச் சற்றே தாழ்த்தி நாணுகிறாள். கருங்கல்லில் நாணத்தைக் கொண்டுவருவது எப்படி என்று நான் ஒவ்வொரு முறையும் வியக்கிறேன். சிற்பி முகத்தில் அதிகம் எதுவும் செய்யவில்லை. கழுத்துச் சாய்விலும் தோளிலும் இடுப்பு வளைவிலும்தான் எல்லாம் இருக்கிறது. பக்கவாட்டில் நின்று பாருங்கள், நேரே நின்றால் அந்தச் சாய்வு சரியாகத் தெரியாது. மதுரையில் கல்யாணப் பத்திரிகைகளில் அச்சிடும் படம் பெரும்பாலும் இந்தத் தூண்தான்.

அதற்கு எதிரே ஊர்த்துவ தாண்டவரும் காளியும், அக்னி, அகோர வீரபத்திரர்களும். போட்டி நடனத்தில் சிவன் காலைத் தலைக்கு மேல் தூக்க, காளி அதைச் செய்ய மறுத்துச் சினந்து நிற்கிறாள். அந்தச் சினத்தைத் தணிக்க வெண்ணெய் உருண்டை எறிவது நெடுநாள் வழக்கம். நீங்கள் எறியாதீர்கள், கும்பிட்டாலே போதும். எண்ணெய்ப்பசை படிந்து அழுக்கைப் பிடித்துக்கொண்டால் நுணுக்கமான செதுக்கல் எல்லாம் மூழ்கிவிடும்.

கம்பத்தடியிலிருந்து கிழக்கே போனால் வீர வசந்தராயர் மண்டபம். 2018 பிப்ரவரி 2 இரவு இங்கிருந்த கடைகளில் தீப்பிடித்து, 17ஆம் நூற்றாண்டுத் தூண்களும் கூரைக் கற்களும் வெடித்துச் சிதைந்தன. கருங்கல் எரியாது என்று நினைக்கிறோம், ஆனால் கடும் சூடு ஏறிச் சட்டென்று குளிர்ந்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்துவிடும். ஒரு தூண் போனால் அதே இனக் கல்லை அதே அளவில் தேடி, வெட்டி எடுத்து, அதே முறையில் செதுக்க வேண்டும். நாமக்கல் மாவட்டத்திலிருந்து கல் கொண்டுவந்து திருப்பணி செய்கிறார்கள். கோயிலுக்குள் இனிக் கடைகள் கூடாது என்ற முடிவு சரியானது. அது முன்பே வந்திருக்க வேண்டும்.

இரவில் சீக்கிரம் கிளம்பிவிடாதீர்கள். ஒன்பது மணிக்கு மேல் பள்ளியறை பூசை. சுவாமியின் பாதங்களை வெள்ளிப் பல்லக்கில் வைத்து அம்மன் பள்ளியறைக்கு எடுத்துப் போவார்கள், தினமும். சுவாமி சன்னதிக்கும் அம்மன் சன்னதிக்கும் நடுவில் அந்த வழி ஏன் அவ்வளவு நேராகவும் தாராளமாகவும் இருக்கிறது என்பதைப் பல்லக்கின் பின்னால் நடக்கும்போது புரிந்துகொள்வீர்கள்.

இரண்டாம் நாள் காலை ஆயிரங்கால் மண்டபம். விசுவநாத நாயக்கரின் தளவாய், அதாவது படைத்தலைவர், அரியநாத முதலியார் கட்டியது. குதிரை மேல் இருக்கும் அவருடைய சிலையை வாசலில் பார்க்கலாம். எண்ணினால் 985 தூண்கள். உள்ளே எங்கே நின்றாலும் தூண்கள் நேர்க்கோட்டில் போகும், ஒன்றை ஒன்று மறைக்காது. முகப்பில் அன்னத்தின் மேல் ரதி, கூடையும் குழந்தையுமாகக் குறத்தி, தாடியும் பெண்ணுடம்புமாகப் பேடி உருவில் அர்ஜுனன். குறத்தியின் மணிமாலைகளையும் கூடைப் பின்னலையும் நெருங்கிப் பாருங்கள். வாசலில் விதானத்தில் அறுபது தமிழ் வருடங்களும் சக்கரமாகச் செதுக்கியிருக்கிறது, மகள் தான் பிறந்த வருடத்தைத் தேடட்டும். இப்போது இது அருங்காட்சியகம், சிறு கட்டணம் உண்டு. அங்கிருந்து வடக்கு ஆடி வீதிக்குப் போனால் கோபுரத்தின் பக்கம் இசைத்தூண்கள் ஐந்து. ஒவ்வொன்றும் ஒரே கல்லில் 22 சிறு தூண்கள். தட்டிப் பார்க்கக் கை துறுதுறுக்கும், தயவுசெய்து வேண்டாம்.

மாலையில் திருப்பரங்குன்றம் போய் வாருங்கள். மீனாட்சி கோயிலில் கிடைக்காத பழமை அங்கே இருக்கிறது. கருவறையே மலையைக் குடைந்தது. 773ஆம் ஆண்டுக் கல்வெட்டு, பாண்டியன் நெடுஞ்சடையன் காலம். அந்தக் குடைவரையின் நடுநாயகமாக இருப்பவள் துர்க்கை. முருகன் அவளுக்குப் பக்கத்தில் இருக்கிறார். பாண்டிய அதிகாரி சாத்தன் கணபதியின் மனைவி நக்கன் கொற்றி துர்க்கைக்கும் ஜேஷ்டாதேவி என்ற மூத்ததேவிக்கும் கோயில் எடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. 8ஆம் நூற்றாண்டில் ஒரு பெண் இன்னொரு பெண் தெய்வத்துக்கு மலையில் குடைவித்த இடம் அது.

அப்பா அம்மாவுக்காகச் சில விஷயங்கள். நண்பகலில் ஆடி வீதிக் கல் கொதிக்கும், செருப்பில்லாத கால் தாங்காது. காலை ஒன்பதுக்குள் அல்லது மாலை ஐந்துக்கு மேல் அங்கே நடங்கள். அரைக்கால் சட்டைக்கு அனுமதி இல்லை, வேட்டியோ பேண்டோ, சேலையோ சுடிதாரோ சரி. விசேஷ நாட்களிலும் ஐயப்பப் பக்தர்கள் திரளும் கார்த்திகை, மார்கழி மாதங்களிலும் வரிசை மணிக்கணக்கில் நிற்கும், அப்போது கட்டண தரிசனச் சீட்டு வாங்கிக்கொள்வது பெரியவர்களுக்கு நல்லது. சித்திரைத் திருவிழாவில்தான் வருவேன் என்றால் வாருங்கள், ஆனால் அப்போது சிற்பம் பார்க்க முடியாது, மனிதர்களைத்தான் பார்க்கலாம். சிற்பத்துக்கு ஆடி கழிந்து ஒரு சாதாரண செவ்வாய் புதன் காலையைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே அரசு அனுமதி பெற்ற வழிகாட்டிகள் கிடைப்பார்கள். பேசும் முன் ‘கம்பத்தடி மண்டபத்துக்கு மட்டும் அரை மணி நேரம் வேண்டும்’ என்று சொல்லிவிடுங்கள்.